பச்சைக்காலி, பவளக்காலி, கரண்டிவாயன்

முட்டாள்கள் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் மற்ற ஊர்களில் அது ஏதோ கைமறதியாக நடந்துவிடும். மொட்டைமுனைக்காரர்கள் மட்டும்தான் அதை நிதானமாக, நாலு பேரைக் கலந்து பேசி, ஒழுங்காகச் செய்வார்கள்.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர் அது. ஒருமுறை சுகாதார நர்ஸ் வந்து, "தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே சொன்னபடி கொதிக்கக் கொதிக்கக் குடித்தது. அந்த வாரம் முழுக்க மொட்டைமுனையில் சண்டை சச்சரவே இல்லை. யாருக்கும் நாக்கு அசையவில்லை.

இந்தக் கதைக்கு அந்த ஊரிலிருந்து மூன்று பேர் போதும். மூன்று பேரும் சேர்ந்து கரைவலை இழுக்கிறவர்கள். நம்புராசன் மூத்தவர். எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பார். அதனால் அவருக்கு விஷயம் தெரியும் என்று ஊரில் பேச்சு. சந்தியாகு எதையும் உடனே புரிந்துகொள்கிறவன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே புரிந்துகொண்டுவிடுவான். கோட்டைச்சாமிக்கு உடம்பில் பலம் அதிகம். யோசிக்கிற வேலையை மற்ற இருவரிடமும் விட்டுவிட்டு, அவர்கள் முடிவெடுத்ததும் தூக்குகிற வேலையைச் செய்வான்.

மொட்டைமுனைக்கு எதிரே, முழங்கால் தண்ணீரில் நடந்து போகிற தூரத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. திட்டை ஒட்டித்தான் இவர்கள் வலை போடுவது. அந்த வருஷம் ஒரு இறால் பண்ணைக்காரர் அந்தத் திட்டைக் கேட்டு மனுப் போட்டிருந்தார். கிடைத்தால் வேலி கட்டிவிடுவார். வலை போட வேறு இடமில்லை. மூன்று குடும்பமும் பிழைப்புக்குத் திருப்பூர் பக்கம் போகவேண்டியதுதான்.

நல்ல வேளையாக அங்கே குமுதவல்லி வந்து சேர்ந்தார். பறவை ஆராய்ச்சி செய்கிறவர். முக்காலியில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தி, குளிர்காலம் பூராவும் கடற்கரையில் உட்கார்ந்திருப்பார். எங்கெங்கோ தூர தேசத்திலிருந்து வருகிற பறவைகள் அந்தத் திட்டில்தான் இறங்குகின்றன, அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று மேலே எழுதிப் போட்டார். பதில் வந்தது. ரேஞ்சர் பரமகுரு நேரில் வருவார். பறவைகளை அவர் தன் கண்ணால் பார்த்தால் திட்டு தப்பிக்கும். பார்க்காவிட்டால் பண்ணைக்குப் போகும்.

ரேஞ்சர் வருவதற்கு முந்தின நாள் குமுதவல்லி மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஊர்க்காரர்களே நாலு பறவை பேர் சொன்னால் வருகிறவருக்கு நம்பிக்கை வரும் என்பது அவர் எண்ணம்.

தொலைநோக்கியைத் திருப்பி, "அதோ, மணல் நிறத்துல ஓடுதே, அது உள்ளான்" என்றார்.

நம்புராசன் கடலைப் பார்த்தார். "யாரு உள்ளான்?"

"அதுதாங்க உள்ளான்."

"இருக்கான்னு தெரியுதும்மா. பேரு என்ன?"

"பேருதான் உள்ளான்."

சந்தியாகு குறுக்கே விழுந்தான். "மேடம், வீட்டுக்குள்ள இருந்தா உள்ளான்னு சொல்லலாம். இது வெளியிலல்ல நிக்குது?"

"வெளியில நின்னாலும் உள்ளான்தான்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவர், சொல்கிறார், ஏதாவது இருக்கும்.

"அதுக்குப் பக்கத்துல சின்னதா இருக்கு பாருங்க, அது கொசு உள்ளான்."

கோட்டைச்சாமி பளாரென்று தன் கழுத்தில் அடித்துக்கொண்டான். "எங்க மேடம்?"

குமுதவல்லி நெற்றியைத் தடவிக்கொண்டு அடுத்த பறவைக்குப் போனார். "அந்தப் பக்கம் கத்துது பாருங்க, ஆள்காட்டி. ஆள் வந்தா கத்திக் காட்டிக்கொடுத்துடும்."

"எந்த ஆள்னாலுமா?" என்று கேட்டான் சந்தியாகு. "என்கிட்ட கோடாலியை இரவல் வாங்கிட்டுப் போன ஆளைக் காட்டுமா? யாருன்னு மறந்துபோச்சு."

வளைந்த நீள மூக்கோடு நின்ற பெரிய கோட்டானையும் காட்டினார். பொழுது சாய்வதற்குள் மூன்று பறவைகளின் பேர்தான் தேறியது. கால் சிவப்பாக இருந்தால் பவளக்காலி. பச்சையாக இருந்தால் பச்சைக்காலி. வெள்ளையாக உயரமாக நின்று, வாயில் கரண்டி வைத்தமாதிரி இருந்தால் கரண்டிவாயன். மூன்றையும் மூவரும் மாற்றி மாற்றி ஒப்பித்தார்கள். குமுதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் ரேஞ்சரைக் கூட்டிவர அவர் ஆட்டோவில் கிளம்பினார். திட்டு நிறையப் பறவைகள் இருந்தன. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கடைசியாக ஒருமுறை சொன்னார்.

"நான் வர்ற வரைக்கும் பறவைங்க மேல ஒரு கண் வச்சுக்குங்க. நாய் கீய் வந்தா விரட்டுங்க. திட்டுப் பக்கம் போனா காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. கிட்டப் போனா மூச்சு விடக் கூடாது. முக்கியமா ஒண்ணு, கூட்டம் கலையாமப் பார்த்துக்குங்க."

"நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கம்மா" என்றார் நம்புராசன். ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

முதல் பிரச்சினை உடனே வந்தது.

"ஒரு கண்ணுன்னு சொன்னாங்க" என்றான் சந்தியாகு. "வலது கண்ணா, இடது கண்ணா?"

நம்புராசன் கடலைப் பார்த்தார். "சோத்துக் கை எதுவோ அந்தக் கண்ணுதான் மரியாதை."

மூவரும் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணைப் பறவைகள்மேல் வைத்தார்கள். வெயில் ஏறியது. கோட்டைச்சாமிக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

"அண்ணே, கண்ணு வலிக்குது. அந்தக் கண்ணுக்கு மாத்திக்கவா?"

"வச்ச கண்ணை வாங்கினா அப்புறம் என்ன மரியாதை இருக்கு?" என்றார் நம்புராசன். கோட்டைச்சாமி அப்படியே நின்றான்.

ஒற்றைக் கண்ணால் பார்த்ததில், திட்டின் ஓரத்தில் ஒரு நாய் படுத்திருப்பது போலத் தெரிந்தது. விரட்டவேண்டியது கடமை. ஆனால் காலடிச் சத்தம் கேட்கக் கூடாதே? சந்தியாகு வீட்டுக்கு ஓடி, தலையணையைக் கிழித்துப் பஞ்சு கொண்டுவந்தான். மூவரும் இரண்டு காதிலும் இறுக்கி அடைத்துக்கொண்டார்கள். தண்ணீரில் தடதடவென்று நடந்து பார்த்தார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"கேட்குதா?" என்று கத்தினார் நம்புராசன்.

"என்னது?" என்று கத்தினான் சந்தியாகு.

"சத்தம் கேட்குதான்னேன்!"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அண்ணே!"

பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஆனாலும் இருந்தன. தூரத்து ஊர்ப் பறவைகள், கொஞ்சம் பொறுமை உள்ளவை.

கிட்டே போனதும் மூச்சு விடுவதை நிறுத்தினார்கள். இதில்தான் கஷ்டம் இருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் கோட்டைச்சாமியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. திரும்பிக் கரைக்கு ஓடினான். அங்கே நின்று ஆசை தீர மூச்சு வாங்கிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, மறுபடி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். அவன் வரும்போது சந்தியாகு கரைக்கு ஓடினான். அவன் திரும்பும்போது நம்புராசன் ஓடினார். அப்படியே மாறி மாறி ஓடி ஒருவழியாகத் திட்டை அடைந்தபோது, நாய் என்று நினைத்தது ஒரு பழைய சாக்கு என்று தெரிந்தது. இருந்தாலும் அதையும் விரட்டிவிட்டார்கள்.

இந்த ஓட்டத்தில் உள்ளான்களில் ஒரு பகுதி பொறுமை இழந்து, எழும்பி, அந்தப் பக்கமாகப் பறந்து போனது. நம்புராசன் தன் காதிலிருந்த பஞ்சையும் மற்ற இருவர் காதிலிருந்ததையும் பிடுங்கி எறிந்தார்.

"டேய், கூட்டம் கலையுதுடா!"

மூவரும் கரையில் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள். கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பது எப்படி?

"எங்க சித்தப்பா கட்சியில இருந்தவரு" என்றான் சந்தியாகு. "கூட்டம் ஏன் கலையுதுன்னா, ஆரம்பிக்க நேரமானா கலையும். உட்கார இடமில்லைன்னா கலையும். பேச்சு காதுல விழலைன்னா கலையும்."

நம்புராசன் தலையாட்டினார். "பாவம், காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்குதுங்க. ஒரு நாற்காலி உண்டா?"

இப்போது கோட்டைச்சாமிக்கு வேலை வந்தது. ஊர் மண்டபத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கடுக்காகத் தலையில் தூக்கி வந்தான். வரிசையாகத் திட்டில் போட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த பேட்டரி மைக் செட்டையும் கொண்டுவந்து நட்டார்கள். நம்புராசன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"தூர தேசத்திலிருந்து வருகை தந்திருக்கும் பெரிய கோட்டான் அவர்களே! மூத்தவர் கரண்டிவாயன் அவர்களே! வெளியில் நின்றாலும் உள்ளான் அவர்களே! மற்றும் பெயர் தெரியாத பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் அனைவரையும் மொட்டைமுனை சார்பில் வருக வருக என்று..."

இரண்டாவது 'வருக'வுக்கு மேல் அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான இறக்கைகள் ஒரே சமயத்தில் எழும்பின. வானம் கறுத்தது. அப்புறம் வெளுத்தது. திட்டில் மிச்சமிருந்தது மூன்று பேரும் காலி நாற்காலிகளும்தான்.

நம்புராசன் மைக்கை அணைக்க மறந்து, "போச்சு" என்றார். அந்த ஒரு சொல் கடலோரம் பூராவும் கேட்டது.

சந்தியாகு அழுதுவிட்டான். "நான் திருப்பூருக்குப் போக மாட்டேண்ணே. எனக்குத் துணியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தலையணையைக் கிழிச்சதுக்கே வீட்டுல என்ன சொல்லப்போறாளோ."

கோட்டைச்சாமி மணலில் உட்கார்ந்து, தன் பெரிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தூக்குவதற்கு ஒன்றும் இல்லாதபோது அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

நம்புராசன் கடலைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"அழாதே. வர்றவர் என்ன சொல்லியிருக்காரு? தன் கண்ணால பார்க்கணும். என்னத்தைப் பார்க்கணும்? பவளக்காலியைப் பார்க்கணும். பவளக்காலின்னா என்ன?"

"கால் சிவப்பா இருக்கணும்."

"கால் நம்மகிட்ட இருக்குதா?"

சந்தியாகு குனிந்து பார்த்தான். "இருக்குண்ணே."

"சிவப்பு?"

"வள்ளத்துக்கு அடிச்ச பெயின்ட் மிச்சம் இருக்கு. பச்சையும் இருக்கு."

"அப்புறம் எதுக்குடா அழறே?"

பெயின்ட் டப்பாக்கள் வந்தன. நம்புராசன் காலுக்குச் சிவப்பு, கோட்டைச்சாமி காலுக்குப் பச்சை. சந்தியாகு உயரமானவன், வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். ஆகவே அவன் கரண்டிவாயன். மதினி வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் கரண்டியை வாங்கிவந்து பல்லில் கடித்துக்கொண்டான்.

பெயின்ட் அடிக்கும்போது கோட்டைச்சாமிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு யோசனை வந்தது.

"அண்ணே, அதுங்க ஒத்தைக் கால்லதானே நிக்குது? ஒரு காலுக்கு அடிச்சாப் போதாதா?"

நம்புராசனும் சந்தியாகுவும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். பெயின்ட் பாதி மிச்சமானது.

மூவரும் திட்டின் ஓரத்துச் சேற்றில், நாற்காலிகளுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒற்றைக் காலில் நின்றார்கள். பறவை என்றால் பேசக் கூடாது, பேசவில்லை. அசையக் கூடாது, அசையவில்லை. வெயில் முதுகைச் சுட்டது. நம்புராசனுக்குத் தொடை விறுவிறுத்தது. திருப்பூரை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. திட்டைச் சுற்றிச் சேறு பளபளவென்று வெளியே வந்தது. சேற்றில் புழு இருக்கும். பசி வந்த பறவைகள் திரும்பி ஒரு வட்டம் அடித்துப் பார்த்தன. சத்தம் இல்லை. மூச்சு வாங்கக் கரைக்கு ஓடுகிறவர்கள் இல்லை. மூன்று கம்பங்கள்தான் நிற்கின்றன.

முதலில் ஒரு உள்ளான் இறங்கியது. பின்னால் பத்து. பின்னால் வானமே இறங்கியது.

கரைக்கு வந்து ஆட்டோவை விட்டு இறங்கிய குமுதவல்லி, முதலில் பார்த்தது பிளாஸ்டிக் நாற்காலிகளைத்தான். அவசரமாகத் தொலைநோக்கியைத் திருப்பினார். நாற்காலிக்கு ஒன்றாக ஆலா என்கிற கடற்பறவைகள் உட்கார்ந்திருந்தன. சேறு முழுக்கக் கொசு உள்ளான்களும் பவளக்காலிகளும் கொத்திக்கொண்டிருந்தன. மைக்குக்கு முன்னால் பெரிய கோட்டான் ஒன்று கழுத்தை நீட்டி நின்றது.

ரேஞ்சர் பரமகுரு நல்ல மனிதர். மலைக்காட்டில் ரொம்ப காலம் இருந்துவிட்டு, அப்போதுதான் மாற்றலாகிக் கடலோரத்துக்கு வந்திருந்தார். "எனக்கு யானைதாம்மா நல்லாத் தெரியும்" என்று வரும்போதே சொல்லியிருந்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர், "அடேயப்பா!" என்றார்.

"எவ்வளவு ஒழுங்கா உட்கார்ந்திருக்கு! கூட்டமா நடக்குது?"

"ஆமா சார்" என்றார் குமுதவல்லி.

"அந்த ஓரத்துல மூணு பெருசா நிக்குதே, அது என்ன?"

குமுதவல்லி எட்டிப் பார்த்தார். ஒரு சிவப்புக் கால். ஒரு பச்சைக் கால். வெயிலில் மின்னும் ஒரு எவர்சில்வர் கரண்டி. உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரித்தால் திட்டு போய்விடும்.

"அது... உள்ளூர் இனம் சார்."

"வலசை போகுமா?"

"எங்கேயும் போகாது சார். போகச் சொன்னாலும் போகாது."

"என்ன தின்னும்?"

"எது குடுத்தாலும்."

ரேஞ்சர் கொஞ்சம் கவலையோடு கேட்டார். "அழிஞ்சுவர்ற இனமா?"

"இல்ல சார்" என்று பெருமூச்சு விட்டார் குமுதவல்லி. "நிறைய இருக்கு."

அந்தச் சமயம் பார்த்து, கல்லைப் புரட்டி இரை தேடுகிற கல்திருப்பிப் பறவை ஒன்று கோட்டைச்சாமியின் பச்சைக் கட்டைவிரலைச் சிப்பி என்று நினைத்துப் புரட்டிப் பார்த்தது. அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரிக்கவும் கூடாது, மூச்சும் விடக் கூடாது. உள்ளே அடக்கியது அடங்காமல் ஒரு விநோதமான சத்தமாக வெளியே வந்தது.

"குரல்கூட நல்லாயிருக்கு" என்றார் ரேஞ்சர்.

திட்டு தப்பித்தது. பண்ணைக்காரரின் மனு திரும்பிப் போனது. கரைவலைக்காரர்கள் வழக்கம்போல வலை போட்டுக்கொள்ளலாம், பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெயின்ட் உரிய ஒரு மாதம் ஆனது. தலையணை விஷயம் முடிய அதைவிட அதிக நாள் ஆனது.

பங்குனி மாதம் பிறந்து, பறவைகள் வடக்கே கிளம்பிப் போய்விட்டன. குமுதவல்லியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அப்போது கோட்டைச்சாமி திட்டில் ஒரு சின்ன உலோக வளையத்தைக் கண்டெடுத்தான். அழகாக இருக்கிறதே என்று கறுப்புக் கயிற்றில் கோத்துக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, அவரிடம் வந்து காட்டினான்.

குமுதவல்லி குனிந்து படித்துச் சந்தோஷப்பட்டார். "மாஸ்கோன்னு போட்டிருக்கு! ரஷ்யா தேசம். எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியறதுக்காக மாட்டுவாங்க. எது கால்ல இந்த வளையம் இருக்கோ, அது அந்த ஊருக்குச் சொந்தம்." ஆட்டோ வந்துவிட்டது. கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

கோட்டைச்சாமி தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குப் போனான். ஒரு போர்வை, இரண்டு வேட்டி, ஒரு தூக்குச்சட்டி நிறையப் பழைய சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏற வந்துவிட்டான். நம்புராசனும் சந்தியாகுவும் வழியனுப்ப வந்தார்கள். மூவர் கண்ணிலும் தண்ணீர்.

"இத்தனை வருஷமா இதுதான் என் ஊருன்னு நினைச்சுட்டேண்ணே" என்றான் கோட்டைச்சாமி. "அங்கே என்னைக் காணோம்னு தேடிக்கிட்டிருப்பாங்க."

பஸ் வந்தது. "மாஸ்கோவுக்கு ஒண்ணு" என்றான்.

"இது ராமநாதபுரம் வரைக்கும்தான்" என்றார் கண்டக்டர்.

"பரவாயில்ல. மிச்சத்தை நடந்துக்கறேன்."

அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். நம்புராசன் கடலைப் பார்த்தார். திடீரென்று முகம் மாறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, நீ ரஷ்யாக்காரன்னா, இத்தனை வருஷமா நீ பேசினது எனக்கு எப்படிடா புரிஞ்சுது?"



"அப்ப நீங்களும் அந்த ஊருதாண்ணே" என்றான் சந்தியாகு மெதுவாக.

"நீ?"

"நீங்க ரெண்டு பேரு பேசறதும் எனக்குப் புரியுதே."

இருவரும் படியில் கால் வைத்து ஏறினார்கள்.

"சீக்கிரம் ஏறி உள்ள போங்கய்யா, நேரமாச்சு!" என்று கத்தினார் கண்டக்டர்.

மூவரும் திகைத்துப்போய் அவரையே பார்த்தார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கோட்டைச்சாமி தன் மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருவருக்கும் கண்டக்டருக்கும் இடம் ஒதுக்கினான்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே" என்றான். "பாவம், இவருக்கும் இன்னும் விஷயம் தெரியாது."